சங்கு நேரத்தில் கிளம்பியவள்

எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து ரிங்லெட்டுக்கு இறங்க இரண்டு வழிகள். ஒன்று தார் ரோடு. அதில் காய்கறி லாரிகள் வளைவுக்கு வளைவு ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும். இன்னொன்று தோட்டத்துக்குள்ளேயே போகும் சரளைக்கல் ரோடு. தேயிலைச் சரிவுகளைச் சுற்றிக் காட்டுக்குள் நுழைந்து, கடைசியில் ஆற்றோரமாக வெளியே வரும். அதன் இரு முனைகளிலும் சங்கிலி போட்டுப் பூட்டியிருப்பார்கள். தோட்ட நிர்வாகி துரையின் ஜீப், கணக்கெழுதும் கிராணியின் மோட்டார் சைக்கிள், இலை லாரி, இந்த மூன்றுக்கு மட்டும்தான் அனுமதி. மூன்றும் எந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்பது எனக்கு அத்துப்படி. ஆகவே மிச்ச நேரமெல்லாம் அது என் ரோடு.

சைக்கிள் அண்ணனுடையது. ஈப்போவுக்கு வேலைக்குப் போனபோது விட்டுவிட்டுப் போனான். நடுவில் கம்பி வைத்த ஆம்பிளை சைக்கிள். நான் அவனுடைய பழைய சிலுவாரை, முழுக்கால்சட்டையை, மாட்டிக்கொண்டு ஓட்டினேன். லைன் வீடுகளில் பேசாத வாய் இல்லை. பேசட்டும் என்று விட்டுவிட்டேன். ஆறே மாதத்தில் அந்த ரோட்டில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். சரளையில் முன் பிரேக்கைத் தொடக்கூடாது, கண் சக்கரத்தைப் பார்க்காமல் அடுத்த வளைவைப் பார்க்க வேண்டும், இறக்கத்தில் உடம்பைப் பின்னால் தள்ள வேண்டும். இவ்வளவையும் நானே விழுந்து எழுந்து கற்றுக்கொண்டேன். முழங்காலில் தழும்பு இன்னும் இருக்கிறது.

பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்து வீட்டில் உட்கார்ந்திருந்த சமயம், ரிங்லெட்டில் ஒரு தமிழ்ப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை வேலை காலி என்று தெரிந்தது. ஒரே ஓர் இடம். விண்ணப்பம் போட்டேன். ஜனவரி முதல் வாரத்தில் காலை ஒன்பது மணிக்கு நேரில் வரச் சொல்லிக் கடிதம் வந்தது. அதே வாரம் அப்பா என் பெயரைக் கங்காணியிடம் கொழுந்து பறிக்கச் சொல்லி வைத்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை. ஒரு வருடம் பார்த்தார், பொறுத்தார். பள்ளி வேலை கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை கூடையைத் தூக்க வேண்டும். எனக்குக் கூடை கேவலம் இல்லை, அம்மாவின் முதுகில் அதைப் பார்த்து வளர்ந்தவள்தான். ஆனால் எனக்கு வேண்டாம். வேண்டவே வேண்டாம் என்று இருந்தது.

அந்தப் புத்தாண்டில்தான் அரசாங்கம் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்தது. ரேடியோ மாறியது, பள்ளிக்கூடம் மாறியது, பஸ் மாறியது. எங்கள் தோட்டம் மட்டும் மாறவில்லை. வெளிச்சம் வராமல் கொழுந்து எப்படிப் பறிப்பது என்று துரை ஃபேக்டரி சங்கைப் பழைய நேரத்திலேயே ஊதச் சொல்லிவிட்டார். ரேடியோவுக்கு ஒரு நேரம், துரைக்கு ஒரு நேரம் என்று ஜனங்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் பிறந்ததிலிருந்து சங்கு கேட்டு எழுந்து, சங்கு கேட்டுச் சாப்பிட்டவர்கள் நாங்கள். எங்கள் வீட்டு டைம்பீஸைக்கூடச் சங்குக்குத்தான் திருப்பி வைப்போம்.

அன்று எட்டு மணிச் சங்கு ஊதியதும் கிளம்பினேன். என் கணக்கு ஐம்பது நிமிடம். சேலையை மடித்துப் பிளாஸ்டிக் பையில் போட்டுப் பின்னால் கட்டியிருந்தேன். ரிங்லெட்டில் சித்தி வீட்டில் மாற்றிக்கொள்ளலாம் என்று திட்டம். எங்கள் தோட்டத்திலிருந்து இன்னும் ஐந்து பெண்களுக்குக் கடிதம் வந்திருந்தது. எல்லோரும் என்னோடு படித்தவர்கள். அவர்கள் சாமான் லாரியில் ஏறித் தார் ரோடு வழியாகப் போனார்கள். என்னையும் கூப்பிட்டார்கள், மறுத்துவிட்டேன்.

பனி அப்போதுதான் விலகியிருந்தது. ஈரச் சரளை சக்கரத்துக்கடியில் கரகரவென்று பேசியது. எதிரே ஆள் இல்லை, ஹார்ன் இல்லை. காடு தொடங்கும் இடத்தில் கிராணி மோட்டாரை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தார். எங்கே போகிறேன் என்று கேட்டார். சொன்னேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"தங்கச்சி, ஸ்கூல் நேரத்துக்கு இப்ப எட்டு அம்பதுலா. நீ சங்கு நேரத்துல கெளம்பிட்டியா?"

எட்டு மணிச் சங்கு என்றால் பள்ளிக்கூடத்துக்கு எட்டரை. ரோடு வழியாகப் போனால் இன்னும் அரை மணி ஆகும். அது மலையின் தோளைச் சுற்றிச் சுற்றி இறங்கும். ஆனால் காட்டுக்குள் பிரிந்து நேராக ஆற்றுக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதை ஒன்று உண்டு, மீன் பிடிக்கப் போகிறவர்கள் நடக்கும் பாதை. அதில் நான் பாதி தூரம்தான் ஓட்டியிருக்கிறேன். மீதியில் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போவேன், ஏனென்றால் மூன்று இடங்களில் ஓடைக்குக் குறுக்கே ஒற்றை மரப்பலகை. உருட்ட நேரமில்லை. கிராணியிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை, பாதைக்குள் இறங்கிவிட்டேன்.

வேர்கள் முதுகெலும்பைத் தட்டின. முதல் பலகையைத் தாண்டினேன். இரண்டாவதும் ஆயிற்று. ஆறு வலது பக்கம் வந்து கூடவே ஓடியது. தண்ணீர் போகும் திசையில் நானும் போகிறேன், இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றியது. அந்தத் திமிருக்குத்தான் மூன்றாவது பலகை பதில் சொன்னது. பின் சக்கரம் வழுக்கி, இடுப்பளவு சேற்றில் விழுந்தேன். சைக்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சேலைப் பையைக் காணோம். தேடவில்லை. ஏறி மிதித்தேன்.

பள்ளிக்கூடச் சுவரில் ஒன்பது பத்து. சேறு சொட்டும் சிலுவாரோடு தலைமையாசிரியர் முன்னால் போய் நின்றேன். பெஞ்சில் டவுன் பெண் ஒருத்தி மட்டும் மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தாள். அவர் மணி தெரியுமா என்று கேட்டார். இப்போதுதான் தெரிந்தது என்றேன். சிரிப்பை அடக்கினாரா கோபத்தை அடக்கினாரா என்று தெரியவில்லை. வந்தது இரண்டே பேர், உங்கள் இருவரையும் கேட்டு முடித்துவிடுகிறேன் என்று பேனாவை எடுத்தார்.

அந்த இடத்தில் நான் சும்மா இருந்திருந்தால் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. டவுன் பெண்ணும் நானும்தான். கூடை ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம், நடுவில் என் வாய். மூடித்தான் இருந்தேன், ஒரு நிமிடம் போல. ஆனால் அந்த ஐந்து பேரையும் எனக்குத் தெரியும். அவர்கள் வந்தாலும் நான் ஜெயிப்பேன் என்றும் தெரியும். அப்புறம் எதற்குப் பயப்பட வேண்டும் என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

"சார், எங்க தோட்டத்துல சங்கு இன்னும் பழைய நேரந்தான் ஊதுது. அஞ்சு பேரு லாரில வந்துக்கிட்டு இருக்காங்க. ஒன்பதரைக்கு வந்துருவாங்க. அவங்க மேல தப்பு இல்ல சார்."

டவுன் பெண் என்னைத் தின்றுவிடுகிற மாதிரி பார்த்தாள். அவர் பேனாவை மூடி வைத்தார். லாரி வந்தது. ஐந்து பேரும் இறங்கிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு முகம் வெளிறி நின்றார்கள்.

ஒவ்வொருவரும் இரண்டாம் வகுப்பில் பத்து நிமிடம் பாடம் நடத்த வேண்டும். நான் நுழைந்ததும் பிள்ளைகள் என் சிலுவாரைப் பார்த்துக் கெக்கலித்தார்கள். சிரித்து முடியும்வரை காத்திருந்தேன். பிறகு இந்தச் சேறு எங்கிருந்து வந்திருக்கும் என்று கேட்டேன். ஆறு, வயல், சாக்கடை என்று கத்தினார்கள். கரும்பலகையில் ரோட்டை வரைந்தேன், ஆற்றை வரைந்தேன், மூன்று பலகைகளை வரைந்தேன். எல்லாவற்றுக்கும் பெயர் எழுதச் சொன்னேன். பத்து நிமிடம் முடிந்தபோது பிள்ளைகள் என்னை விடவில்லை.

ஏழு பேரில் வேலை எனக்குக் கிடைத்தது. சனிக்கிழமை கடிதம் வந்தது. அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், மறுபடியும் படிக்கச் சொன்னார். லாரியில் வந்த பெண்கள் மூலம் கதை முழுவதும் அவர் காதுக்கு ஏற்கெனவே போயிருந்தது. வெற்றிலையை மென்றபடி கேட்டார்.

"நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா?"

"அப்பவும் எனக்குத்தான்பா கெடைச்சிருக்கும். ஆனா நான் ஜெயிச்சேனா, லாரி லேட்டாச்சான்னு சாகுற வரைக்கும் எனக்குத் தெரிஞ்சிருக்காது."

அப்பா எழுந்து, கொழுந்து பறிக்கிறவர்கள் பட்டியலில் என் பெயரை அடிக்கச் சொல்லக் கங்காணி வீட்டுக்குப் போனார்.