கடைசித் துண்டு

சட்டத்தைத் தான் கற்றது கல்லூரியில் அல்ல, அம்மாவின் அடுப்படியில்தான் என்று லியோனா ஹாஃப்னர் சொல்வாள். அம்மா பிளம் பழம் வைத்துக் கூகன் கேக் சுட்டால், கடைசித் துண்டுக்கு அவளும் அண்ணன் டெல்பர்ட்டும் மல்லுக்கு நிற்பார்கள். ஒருவர் வெட்ட வேண்டும், மற்றவர்தான் முதலில் எடுக்க வேண்டும். அம்மா போட்ட சட்டம் அது. டெல்பர்ட் அவசரத்தில் கோணலாக வெட்டிவிட்டு முழிப்பான். லியோனா கறாராகச் சரிபாதி வெட்டுவாள்.

அந்தக் கறார்தான் அவளை அமெரிக்காவின் டகோட்டா சமவெளியின் ஒரு சின்ன ஊரிலிருந்து மாநில உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனது. கறுப்பு அங்கிக்குக் கீழே பண்ணை பூட்ஸோடு உட்காரும் நீதிபதி அவள் ஒருத்திதான். வாரக் கடைசியில் ஊருக்கு வந்துவிடுவாள். ஞாயிறன்று அண்ணன் வீட்டில் கூகன்.

பிறகு அந்த ஏரி வழக்கு வந்தது. வேறு மாவட்டத்தில் மழைவெள்ளம் வடியாமல் வயல்களெல்லாம் ஏரியாகிக் கிடந்தன. அதில் வெளியாட்கள் படகு விட்டு மீன் பிடிக்கலாமா? தண்ணீர் எல்லோருக்கும் பொது என்று தீர்ப்பு எழுதினாள் லியோனா. விவசாயிகள் கொதித்துப்போனார்கள். டெல்பர்ட்டின் நிலம் மேட்டில்தான் இருந்தது, ஆனால் கோபத்துக்கு மேடு பள்ளம் ஏது?

"வரி கட்டுறது நிலத்துக்காரன், மீன் பிடிக்கிறது கண்டவனா? நல்லா இருக்குடி உன் நியாயம்!"

"சட்டம் அப்படித்தாண்ணே இருக்கு."

அதோடு பேச்சு நின்றது. ஞாயிற்றுக்கிழமைக் கூகனும் நின்றது.

அந்த இலையுதிர் காலத் தேர்தலில் அவள் பெயரும் வாக்குச்சீட்டில் இருந்தது. எதிராளி கிடையாது. இந்த நீதிபதி நீடிக்கலாமா, ஆமா இல்லையா, அவ்வளவுதான். மாநிலம் தன்னைக் கைவிடாது என்று அவளுக்குத் தெரியும். அவள் மனம் கிடந்து அடித்துக்கொண்டது சொந்த ஊருக்காக, அதிலும் ஒரே ஓர் ஆளுக்காக.

வாக்குச்சாவடியில் மற்ற கட்டங்களையெல்லாம் நிரப்பினாள். தன் பெயருக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. தன் வழக்குக்குத் தானே தீர்ப்பு எழுதுவதா? அப்படியே மடித்துப் போட்டுவிட்டு வந்தாள்.

மாநிலம் 'ஆம்' என்றது. ஊரிலோ ஆமும் இல்லையும் சரிசமம். ஒரு சீட்டில் மட்டும் அந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை என்று தெரிந்ததும் காபிக் கடையே சிரித்தது. "எவன்டா அந்த மடையன்?" டெல்பர்ட் மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் கூகன் தட்டோடு தங்கை வீட்டு அடுப்படிக்குள் நுழைந்தான்.

"அந்த வெத்துச் சீட்டு உன்னோடதுதானே?"

"ரகசிய வாக்குண்ணே."

"லூசு! நீ ஒரு ஓட்டுப் போட்டிருந்தா ஊரே உன் பக்கம்னு ஆகியிருக்கும்." தட்டை மேசையில் வைத்தான். "நான் இல்லைன்னுதான் போட்டேன்."

"தெரியும். உன் ஓட்டு, உன் இஷ்டம்."

டெல்பர்ட் கத்தியை எடுத்தான். பார்த்துப் பார்த்துக் கோணலாக வெட்டினான். ஒன்று பெரிசு, ஒன்று துக்கடா.

"எடுடி. வெட்டினவன் கடைசியிலதான் எடுக்கணும்."

லியோனா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூச்சமே இல்லாமல் பெரிய துண்டை எடுத்தாள்.