நடுத்தரமா ஒரு மெஷின்

வணக்கம் சொல்வதற்கு முன்பே வீட்டுக் கேட்டை அளந்துவிடுவார். இடுப்பில் செருகிய அளவு டேப்பை உருவி, திறந்து கிடக்கும் கேட்டின் விளிம்பில் ஒரு முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, மறுமுனையை எதிர்த்தூண் வரைக்கும் இழுத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிப்பார். போன வாரம் படித்த அதே எண்தான். உதட்டைப் பிதுக்குவார். டேப்பைச் சரக்கென்று உள்ளே விட்டபின்தான் நிமிர்ந்து வீட்டாரை நலம் விசாரிப்பார். போன வாரமும் அளந்தீர்களே என்று ஒருமுறை கேட்டேன்.

"இரும்புங்க. வெயிலுக்கு விரியும்" என்றார். அன்று காலையிலிருந்து மழை தூறிக்கொண்டிருந்தது.

எங்கள் தெரு வீடுகளுக்கெல்லாம் புல்தரை பின்பக்கம். வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு சந்து, சந்தின் வாயில் அதைவிடக் குறுகலாக ஒரு கேட். அந்தக் கேட்டுக்கு அப்பால் வளர்வதை வாராவாரம் வெட்டிக் கொடுப்பது அவர் தொழில். கையில் இருந்த மெஷின் சின்னது. வீட்டுக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்குக்கு வாங்கி, இரண்டாம் ஞாயிறே மூலையில் போடுகிற வகை. அதை வைத்துக்கொண்டு ஊரார் புல்லையெல்லாம் வெட்டுவது தேக்கரண்டியால் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்கிற மாதிரி. ஆகவே தொழில்முறை மெஷின் ஒன்று, பின்னால் நடந்தபடி ஓட்டுவது, வாங்கிவிடுவதென்று முடிவெடுத்தார். முடிவெடுத்ததோடு சரி.

"ரொம்பப் பெருசும் வேணாம், ரொம்பச் சின்னதும் வேணாம். நடுத்தரமா ஒண்ணு." இதைக் கேட்காத காது எங்கள் வட்டாரத்தில் இல்லை. கேட்டுக் கேட்டுத் தெருவே அவருடைய சொந்தப் பெயரை மறந்து, நடுத்தரம் என்றே கூப்பிட ஆரம்பித்தது. அவரும் அதற்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

ஆள் பார்ப்பதற்கு அவசரக்காரர் போலத்தான் இருப்பார். புல் சாறு ஏறிப் பச்சையாகிப்போன பூட்ஸ், பின்கழுத்தை மறைக்கும் துணித்தொப்பி, காதில் ஒரு பென்சில். அந்தப் பென்சிலால் எதையும் எழுதி நான் பார்த்ததில்லை. நடையில் ஒரு விரைப்பு உண்டு. பேச்சு மட்டும் எப்போதும் கேள்வியில்தான் முடியும். "பொதுவா நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்பார். பல் மருத்துவரிடம் போனபோது, அவர் வாய்க்குள் கருவியை விடுவதற்கு முன்பாக, பெல்ட்டில் ஓடும் மெஷின் நல்லதா, எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் மெஷின் நல்லதா என்று கேட்டிருக்கிறார். மருத்துவர் பல்லைப் பிடுங்கியதும் வலியில் கண்ணீர் வழிய, பெல்ட் ஈரப்புல்லில் வழுக்கும், விலை குறைவு, ஆனால் ரிவர்ஸ் சரியாக வராது என்று பஞ்சு வைத்த வாயோடு அவருக்கு விளக்கிவிட்டு வந்தாராம். துக்கம் விசாரிக்கப் போன ஒரு வீட்டிலும் டேப்பை எடுத்துவிட்டார் என்று அவர் மனைவி சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, "கேட்டு திறந்தே இருந்துச்சு, மனசு கேக்கல" என்று பதில் வந்ததாம்.

சாப்பாட்டு மேஜையில் தட்டுக்கு முன்னால் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு மெஷின் வீடியோ பார்ப்பார். வாங்கியவர்கள் எழுதிய கருத்துகளை விடாமல் படிப்பார். ஒருவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்து, இன்னும் பெட்டியைத் திறக்கவில்லை என்று எழுதியிருந்தார். இன்னொருவர் ஒரே நட்சத்திரம் கொடுத்திருந்தார். அதே மெஷினைப் பக்கத்து வீட்டுக்காரனும் வாங்கிவிட்டான் என்பது காரணம். இரண்டையும் சீர்தூக்கிப் பார்த்து, "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு" என்றார் நடுத்தரம்.

சனிக்கிழமைதோறும் கடைக்குப் போவார். விற்பனையாளர் முதல் சில வாரங்கள் நாற்காலி போட்டுக் காபி வரவழைத்தார். பிறகு நாற்காலி மட்டும். அதற்குப் பிறகு, நடுத்தரத்தின் தொப்பி கண்ணாடிக் கதவுக்கு வெளியே தெரிந்தாலே மரம் அறுக்கும் ரம்பங்கள் வைத்திருக்கும் அடுக்குக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். அவரைக் குறை சொல்ல முடியாது. கடையில் மூன்று அளவில் மெஷின் இருந்தது. பெரியது ஒரே இழுப்பில் பாதித் தரையை வழித்துவிடும், ஆனால் எங்கள் தெருவில் எந்தக் கேட்டுக்குள்ளும் போகாது. சின்னது எந்தக் கேட்டுக்குள்ளும் போகும், போய் அங்கே பழைய மெஷின் செய்ததைத்தான் செய்யும். நடுவில் இருந்ததன் வெட்டும் அகலம் முப்பத்தாறு இஞ்ச். நடுத்தரம் வேண்டும் என்கிறவர் நடுவில் நிற்பதை எடுத்துக்கொண்டு போகவேண்டியதுதானே என்று எவருக்கும் தோன்றும். இவர் அதன் முன்னால் போய் நிற்பார், கைப்பிடியைத் தடவுவார், சக்கரத்தைக் காலால் தட்டுவார், பெருமூச்சு விடுவார். சின்னதிடம் போவார். அங்கும் பெருமூச்சு. "இது ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு வருமா?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார்.

இவர் யோசித்துக்கொண்டிருந்த காலமெல்லாம் அந்தச் சின்ன மெஷினைத் தள்ளியது இவருடைய மச்சான், மனைவியின் தம்பி. இவர் முன்னால் போய்க் கேட்டை அளப்பார், அவர் பின்னால் வந்து புல்லை வெட்டுவார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்கிற ஒவ்வொரு தடவையும் புது மெஷின் எப்போது என்று கேட்டுப் பார்த்தார். அடுத்த சனிக்கிழமை என்ற பதில்தான் வந்தது. பெரிய மெஷின் வைத்துப் பூங்காக்களில் புல் வெட்டும் ஒரு நிறுவனம் ஆள் தேடியது தெரிந்ததும் அங்கே சேர்ந்துவிட்டார். சண்டையெல்லாம் இல்லை. போகிற அன்று மெஷின் ஏற்றிப் போகும் வண்டியின் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, "மாமா, நீங்க மெஷின் வாங்குற அன்னிக்கு எனக்கு ஒரு போன் போடுங்க. எந்த ஊர்ல இருந்தாலும் வந்து பார்க்கிறேன்" என்றாராம்.

அடுத்த வாரம் மெஷினுக்குப் பின்னால் மனைவி வந்தார். அதுவரை வீட்டிலிருந்தபடி போனில் வாடிக்கையாளர்களுக்கு நாள் ஒதுக்கிக்கொண்டிருந்தவர். தம்பியின் பூட்ஸில் துணியை அடைத்துப் போட்டிருந்தார். எங்கள் வீட்டுப் புல்தரையில் அவர் தள்ளிக்கொண்டு போவதை நடுத்தரம் சந்தில் நின்று பார்த்தார். நல்லாத் திருப்புறியே என்று பாராட்டினார். மனைவி பதில் சொல்லவில்லை. அந்தப் பெண்மணி பதில் சொல்லாத நேரங்களில் பக்கத்தில் நிற்பவர்கள் ஒரு அடி நகர்ந்துகொள்வது நல்லது என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது.

பழைய மெஷின் உயிரை விட்டதும் எங்கள் வீட்டில்தான். பாதித் தரை முடிந்திருந்தது. ஒரு செருமல், ஒரு கரும்புகை, அவ்வளவுதான். நடுத்தரம் மண்டியிட்டுக் கயிற்றை இழுத்தார், மூடியைத் திறந்து ஊதினார், மறுபடி இழுத்தார். சவரம் செய்கையில் பாதியில் எழுந்துவிட்ட முகம் மாதிரி என் தோட்டம் கிடந்தது. சரி, இனிமேல் தீவிரமாக யோசிக்க வேண்டியதுதான் என்று சொல்லிக்கொண்டு அவர் எழுந்தார். மனைவி கையுறையைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"சார், உங்க கார் சும்மாதானே நிக்குது. கொஞ்சம் கடை வரைக்கும் வரீங்களா?"

அப்படித்தான் நானும் போனேன். விற்பனையாளர் தொப்பியைப் பார்த்து ரம்பங்களை நோக்கி நகர்ந்தவர், கூட ஒரு பெண் புல் ஒட்டிய பூட்ஸோடு வேகமாக வருவதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அவர் குதிரைத்திறனில் பேச்சை ஆரம்பித்தார். மனைவி அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. பெரியதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நடுவில் நின்றதன் கைப்பிடியைப் பற்றி, இது என் உயரத்துக்கு இறங்குமா என்று கேட்டார். இறங்கியது. பின்பக்கம் தானாக வருமா என்று கேட்டார். கடைக்குப் பின்னால் இருந்த மண்தரையில் ஓட்டிக் காட்டச் சொல்லாமல், தானே ஓட்டினார். முன்னே போனார், மூலையில் திருப்பினார், பின்னே வந்தார். ஓரத்தில் வைத்திருந்த ஒரு விளம்பரப் பலகையைச் சாய்த்துவிட்டார். அதற்காக வருத்தப்பட்ட மாதிரியும் தெரியவில்லை. மெஷினை நிறுத்திவிட்டு வந்து கணவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நம்ம வீடுகள்ல எந்தெந்தக் கேட்டுல இது போகாது?"

நடுத்தரம் யோசிக்கவே இல்லை. அவர் யோசிக்காமல் பதில் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஒண்ணே ஒண்ணுதான். டீச்சர் வீடு."

டீச்சர் எங்கள் தெருக்கோடியில் தனியாக இருக்கிற ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. நடுத்தரம் தொழிலை ஆரம்பித்தபோது முதன்முதலில் கூப்பிட்டு வேலை கொடுத்தவர். தெருவில் மற்றவர்களிடமும் சொல்லி வைத்தவர்.

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பினார். டீச்சர் வீட்டுக்குப் போகிற மெஷினாகப் பார்த்தால் மற்ற வீடுகளுக்குப் பற்றாது. மற்ற வீடுகளுக்குப் பார்த்தால் டீச்சரை விட்டுவிட வேண்டும். இதைக் குனிந்தபடி, மெஷினிடம் சொல்வது போலச் சொன்னார். "முதல் வீடு அது. இனிமே வர முடியாதுன்னு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போய்ச் சொல்றது?"

மனைவி அவர் பக்கம் திரும்பினார். "இதைச் சொல்ல வாய் வராமத்தான் இவ்வளவு நாளா மெஷின் பார்த்தீங்களா?"

விற்பனையாளர் தரையைப் பார்த்தார். நானும் அந்தப் பக்கம் இருந்த உரமூட்டைகளை ஆராயத் தொடங்கினேன். ஊரெல்லாம் சிரித்த ஒரு மனிதரின் தயக்கத்துக்கு அடியில் இப்படி ஒன்று இருந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. மனைவியின் குரல் மட்டும் இறங்கியிருந்தது. "இதையே எடுத்துக்கலாம். டீச்சர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

மெஷின் வந்த மறுநாளிலிருந்து நடுத்தரம் வேறு ஆள். மெஷின் வாங்குவது பற்றி யார் வந்து ஆலோசனை கேட்பார்கள் என்று காத்திருந்தார். யாரும் கேட்காததால் தானாகவே சொன்னார். "சும்மா போய் ஒரு மெஷினைத் தூக்கிட்டு வந்துர முடியாதுங்க. நல்லா அலசி ஆராய்ஞ்சு, சட்டுனு முடிவெடுக்கணும்." சட்டுனு என்கிறபோது விரலைச் சொடுக்கினார். மச்சானுக்குப் போன் போட்டார். அவர் நம்பவில்லை. இயந்திரத்தை ஓடவிட்டுச் சத்தத்தைக் கேட்கவைத்த பிறகும், யாருடைய மெஷின் மாமா என்றுதான் கேட்டாராம். என் தோட்டத்தின் மீதிப் பாதியைப் போகிறபோக்கில் முடித்தார்கள். வெட்டிய கோடுகள் ரிப்பன் மடித்து வைத்த மாதிரி இருந்தன.

டீச்சர் வீட்டுக்குப் போகிற நாள் வந்தது. வேடிக்கை பார்க்க என்று சொல்லாமல், அந்தப் பக்கம் ஒரு வேலை என்று சொல்லி நானும் போனேன். சொல்லிக்கொள்கிறேன் என்றிருந்த மனைவி வாயைத் திறக்குமுன், நடுத்தரமே முன்னால் போய்விட்டார். போனவர் வெயிலைப் பற்றிப் பேசினார். டீச்சரின் முழங்கால் வலியை விசாரித்தார். மழை எப்போது வரும் என்று வானத்தைப் பார்த்தார். வியர்த்துக் கொட்டியது. டீச்சர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தபடி நின்றார். வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தவர்களை எத்தனையோ தலைமுறையாகப் பார்த்த கண்கள் அவை.

"என்னப்பா, விஷயத்துக்கு வா."

வந்தார். திக்கித் திக்கி, மெஷின் வாங்கிவிட்டதையும் அது இந்தக் கேட்டுக்குள் நுழையாது என்பதையும் சொன்னார். வேறு யாராவது நல்ல ஆளாகப் பார்த்துத் தருவது தன் பொறுப்பு என்றார்.

டீச்சர் கேட்டைப் பார்த்தார், பிறகு மெஷினைப் பார்த்தார். "இந்தக் கேட்டா? இது நாய்க்காகப் போட்டதுப்பா. நாய் போயே எவ்வளவோ காலமாச்சு. கழட்டி எறிஞ்சா ஆகாதா?"

நடுத்தரத்தின் கை இடுப்பிலிருந்த டேப்புக்குப் போனது. கேட்டு இருக்கிற நிலையில் எவ்வளவு இடம் என்றுதான் அவர் இத்தனை நாள் அளந்திருக்கிறார். கேட்டே இல்லாவிட்டால் எவ்வளவு என்று அளந்ததில்லை.

"முன்னாடியே எடுத்திருப்பேன்" என்றார் டீச்சர். "நீ வாராவாரம் வந்து அதை அளந்து அளந்து பார்ப்பியா, உனக்குத்தான் அந்தக் கேட்டு மேல ஏதோ பிரியம்னு நினைச்சுக்கிட்டேன்."

மனைவி மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரித்தாரா என்று முகத்தைப் பார்த்து உறுதி செய்யும் தைரியம் எனக்கு இல்லை.

துரு ஏறிய கீல்கள் எளிதில் மசியவில்லை. எண்ணெய் விட்டு, தட்டி, நெம்பி, ஒருவழியாக நடுத்தரம் கேட்டைத் தூக்கி எடுத்தார். வைக்க வேறு இடம் இல்லாததால் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சந்துக்குள் சுவரோரம் ஒட்டி நின்றார். மனைவி, புல்லை வெளியே தள்ளும் பக்கவாயை மேலே மடக்கிவிட்டு, மெஷினை மெதுவாக முன்னால் விட்டார். இரண்டு தூண்களுக்கும் நடுவே, இந்தப் பக்கம் ஒரு விரல், அந்தப் பக்கம் ஒரு விரல் இடம். முன்சக்கரம் தூண்களைத் தொடுகிற மாதிரி வந்தபோது, நடுத்தரம் மூச்சை உள்ளே இழுத்து, வயிற்றை முதுகோடு ஒட்ட எக்கிக்கொண்டார். பின்சக்கரம் தாண்டுகிறவரை விடவேயில்லை.