புளிக்காத தளிர்

நாக்கில் வைத்து மென்றபோது அந்தத் தளிர் புளிக்கவில்லை; பச்சைப் பயற்றைக் கடித்தாற்போல ஒரு வெறும் பச்சை வாசம்தான் வாயெல்லாம் பரவியது. எனக்கு அப்போது ஒன்பது வயது. மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து அகதி முகாமில் கிடந்த நாங்கள், மதுரங்குளியில் சொந்தமாக ஒரு வீடு கட்டிக் குடிபுகுந்த வருடம் அது.

கிணற்றடியில் தானாக முளைத்திருந்த கன்றை வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு சரீனா மாமி, "இது புளிதான். ஊட்டுக்குக் கிட்ட புளி நின்டா ஜின் குடிவந்துரும்" என்று சொல்லிவிட்டார். ஏற்கெனவே ஒரு வீட்டை இழந்து வந்த வாப்பாவுக்கு அந்தச் சொல் போதும். மண்வெட்டியோடு வந்து நின்றார்.

நான் குறுக்கே போய் நின்றுகொண்டேன். "புளிக்கவே இல்ல வாப்பா, தின்டு பாருங்க. இது ஸ்கூல் வாசல்ல நிக்கிற மே மரம், மே மாசம் செவப்பாப் பூக்குமே, அது!" புளியிலையில் ஒரே காம்பின் இருபுறமும் சிற்றிலைகள் நேராக வரிசைகட்டும், இதிலோ அந்தக் காம்பே பல காம்புகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றிலும் பொடிப்பொடியாய் இலைகள் இறகுபோல விரிந்திருந்தன. வாப்பா ஒரு தளிரைக் கிள்ளி மென்றார், இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகு சிரித்தார். "சரி, புளியெண்டா நீதான் வெட்டோணும்."

பிறகு வந்த வருடங்களில், "எங்க புள்ள, உன்ட பூவக் காணல்ல?" என்று மாமி கேட்டுக்கொண்டேயிருந்தார். உள்ளுக்குள் எனக்கும் பயம்தான். பள்ளிவிட்டு வந்ததும் அடிமரத்தைத் தடவிப் பார்ப்பேன். புளியின் பட்டைபோல் கறுத்து வெடிக்காமல், சாம்பல் நிறத்தில் வழுவழுப்பாகவே அது பருத்துவந்தது.

எனக்குப் பதினாறு வயதாகி, சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்த வருடம், மே மாதத்து ஒரு காலையில், மாமியின் குரல்தான் என்னை எழுப்பியது. "ஓடி வா புள்ள, உன்ட மரம் பூத்திட்டு!" உச்சிக் கிளையில் ஒரே ஒரு கொத்து, நெருப்புச் சிவப்பு, ஒவ்வொரு பூவிலும் ஓர் இதழ் மட்டும் வெள்ளையில் சிவப்புப் புள்ளிகளோடு. சில மாதங்கள் கழித்து, வாளைப்போல நீண்ட, தட்டையான காய்களும் தொங்கின. வாப்பா வழியில் போவோரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்: "என்ட மகள் ஒன்பது வயசில இலையப் பாத்தே சொன்ன மரம்!" நான் வெட்கத்தில் குசினிக்குள் போய் அடுப்படியில் ஒளிந்துகொண்டேன்.

வாப்பாவும் மாமியும் இன்று மவுத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார்கள். எட்டிப் பார்த்துக் கதைக்க முடிந்த தென்னோலைக் கிடுகு வேலிகள் போய், தெருவெங்கும் ஆளுயர மதில்கள் எழுந்துவிட்டன. மே மாதத்தில் அண்ணாந்து பார்த்து நிற்கும் புதியவர்களிடம் மரத்தின் கதையைச் சொல்ல வேறு ஆளில்லை. அதனால் வெட்கத்தை விட்டு, வாப்பா சொன்ன அதே குரலில், நானே அவர்களுக்குச் சொல்கிறேன்.