மூன்று சென்சாரும் ஒரு கிண்ணம் சந்தனமும்

1. மூன்று சாட்சிகள்

கெட்டுப்போகாத கம்ப்யூட்டர் செய்வதுதான் என் ஆராய்ச்சி என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. ஒரு பாகம் கெட்டாலும் மொத்த ஏற்பாடும் தவறாமல் வேலை பார்க்க வேண்டும். அதுதான் என் வேலை. லேபில் நாமே கெடுத்து நாமே சோதிப்பதில் என்ன சுவாரசியம்? வெயிலும் தூசியும் உள்ள இடம் வேண்டும் என்று கைடு சாரிடம் அடம்பிடித்து, திருச்சுழிப் பக்கம் காந்திமதி அக்காவின் மல்லித் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தேன். இரண்டுக்கும் அங்கே குறைவில்லை. கிணற்றில் தண்ணீருக்குத்தான் குறைவு.

தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடினால் சீல் கருகும், பிறகு உள்ளே சுற்றிய செம்புக் கம்பிச்சுருளும் போகும். அக்காவிடம் இருப்பது ஒரே மோட்டார். மல்லிச்செடி அத்தனையும் அதை நம்பி நிற்கிறது. கிணற்றுக்குக் குறுக்கே ஓர் இரும்புக் குழாயில் மூன்று சென்சார் பெட்டிகளைக் கவிழ்த்து மாட்டினேன். ஒவ்வொன்றிலும் வட்டமாக இரண்டு கண்கள். ஒன்று ஒலியை அனுப்பும், மற்றது எதிரொலியைக் கேட்கும். எதிரொலி சீக்கிரம் வந்தால் தண்ணீர் மேலே நிற்கிறது என்று அர்த்தம். மூன்றில் இரண்டு என்ன சொல்கிறதோ, அதை நம்பி கன்ட்ரோலர் மோட்டாரைப் போடும், நிறுத்தும்.

"எதுக்கு மூணு? ஒண்ணு சொன்னா நம்ப மாட்டியாக்கும்?" என்றார் அக்கா.

"ஒண்ணு பொய் சொன்னா மத்த ரெண்டும் காட்டிக்குடுத்துரும்க்கா."

"எங்க வீட்டுல கொழுந்தமாரு மூணு பேரு இருக்காக. மூணு பேரும் சேந்துல்ல பொய் சொல்லுவாக." பிறகு மோட்டாரைக் காட்டினார். "இதுக்கு மட்டும் ஏதாச்சும் ஆச்சு, மாட்டுக்குப் பதிலா உன்னயக் கமலையில பூட்டித் தண்ணி எறைப்பேன், பாத்துக்க."

2. ஏகமனதான தீர்ப்பு

ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகவே கெட்டது. ஒரு பெட்டியில் சிலந்தி குடியேறியது. இன்னொன்று உச்சிவெயிலில் உளறியது. ஒவ்வொரு முறையும் மற்ற இரண்டும் அதைத் தோற்கடித்தன. எனக்கு ஒரே கர்வம்.

ஆயுத பூஜை அன்று அருப்புக்கோட்டையில் நான் தங்கியிருந்த அறையில் இருந்தபடி போனில் ஆப்பைத் திறந்தேன். மூன்றும் ஒரே பதில்: கிணறு விளிம்பு வரை நிறைந்திருக்கிறது. இத்தனை ஒற்றுமையை நான் கண்டதே இல்லை. உடனே சாருக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன். அவர் போன் செய்தார்.

"சந்தோசம்மா. அங்கிட்டு மழையா?"

ஜன்னலைப் பார்த்தேன். எதிர்வீட்டு மாடியில் வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. "இல்ல சார்."

"அப்ப கெணறு எப்படிம்மா நெறஞ்சுச்சு?"

மறுபடி ஆப்பைப் பார்த்தேன். அதற்குள் திரையில் அடுத்த வரி வந்தது: மோட்டார் ஓடுகிறது.

ஆப்பில் நிறுத்தும் பொத்தான் கிடையாது. எந்திரம் தானே முடிவெடுக்க வேண்டும், மனிதர் குறுக்கே வரக் கூடாது என்று பெரிய கொள்கையோடு நான்தான் அதை நீக்கியிருந்தேன். அக்காவுக்குப் போன் போட்டேன். அடித்தது, எடுக்கவில்லை. ஸ்கூட்டியை எடுத்தேன். வழியெல்லாம் கண்ணுக்குள் கருகிய மோட்டாரும் வாடிய மல்லியும்தான், கூடவே கமலையும்.

3. லீவில் இருந்தவர்கள்

"வாத்தா, சுண்டலுக்கு மோப்பம் புடிச்சு வந்துட்டியே!" என்றார் அக்கா.

"அக்கா, மோட்டாரு! தண்ணியில்லாம ஓடுது!"

"ஓடுதா? எங்க, சத்தத்தக் காணோம்?"

சத்தம் இல்லைதான். அக்கா சாமி முன்னால் இருந்த தாம்பாளத்தைக் காட்டினார். அரிவாள், ஸ்பேனர், அவருடைய செல்போன், அதற்குப் பக்கத்தில் மூன்று பியூஸ் கட்டைகள். எல்லாவற்றுக்கும் பொட்டு.

"மோட்டாருக்குச் சந்தனம் வைக்கயில ஷாக் அடிச்சிரக் கூடாதுல்ல? அதான் கட்டையப் புடுங்கியாந்து சாமிகிட்ட வச்சுட்டேன். இன்னைக்கு அதுகளுக்கும் லீவு."

தனி பேட்டரியில் ஓடும் கன்ட்ரோலர் உத்தரவு போட்டிருக்கிறது, மோட்டாருக்குக் கரண்டுதான் போகவில்லை. உத்தரவு போட்டதையே ஓடுவதாக ஆப் எனக்குச் சொல்லியிருக்கிறது.

கிணற்றடிக்குப் போனேன். துடைப்பதற்கு வசதியாக அந்தக் குழாயைக் கரைப்பக்கம் திருப்பலாம். அக்காவும் திருப்பியிருக்கிறார். ஆறு கண்களிலும் சந்தனம், அதன் மேல் குங்குமம். அனுப்பிய ஒலி அங்கேயே முட்டித் திரும்ப, தண்ணீர் மூக்கு வரை வந்துவிட்டதாக மூன்றும் சத்தியம் செய்திருக்கின்றன.

"மூணுக்குமா வச்சீக?"

"ஒண்ணுக்கு வச்சுட்டு ரெண்ட விட்டா குத்தமாயிராதா? வட்ட வட்டமா வேற இருந்துச்சு, பொட்டு வைக்கத் தோதா." விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "மூணும் சேந்தே பொய் சொல்லிருச்சா? எங்க கொழுந்தமாரேதான்!"

சிலந்தி ஒரு பெட்டிக்குத்தான் வரும். மரியாதை மூன்றுக்கும் சமமாக வந்துவிடும். ஒரே மாதிரி மூன்று பேரை நிறுத்தினால் அது மூன்று சாட்சி ஆகாது. ஒரே சாட்சி மூன்று தடவை பேசுவதுதான். இப்போது ஒரு பெட்டியைக் கழற்றிவிட்டு, தண்ணீரில் மிதவை ஒன்று போட்டிருக்கிறேன். மோட்டார் இழுக்கும் கரண்டையும் அளக்கிறேன். வெறும் காற்றை உறிஞ்சினால் அது குறைந்து காட்டிக்கொடுத்துவிடும். நிறுத்தும் பொத்தானும் திரும்ப வந்துவிட்டது. ஆய்வறிக்கையில் பழுதுக்கான காரணம் என்ற இடத்தில் 'சந்தனம்' என்று எழுதியிருக்கிறேன். "இதுக்கு ரெஃபரன்ஸ் கேப்பாங்களேம்மா" என்று சார் கவலைப்படுகிறார்.

இந்த வருடம் பூஜைக்கு முன்பே அக்கா போன் செய்தார். "ஏத்தா, இந்தத் தடவ கண்ணுல வைக்கல. இதுகளுக்கு நெத்தி எங்கிட்டு இருக்கு, அதச் சொல்லு."

புதிய பெட்டிகளின் மேல்பக்கத்தில் ஒரு வெறும் வட்டம் வைத்திருக்கிறேன். அதற்கு ஒரு வேலையும் கிடையாது. வரைபடத்தில் அதன் பெயர் நெற்றி. எங்கள் பக்கம் எந்திரம் மாட்ட வருகிறவர்கள் முதலில் அதற்கு இடம் விடுங்கள்.