ஜன்னலோரம் நின்னு எழுதின பரீட்சை

போன வருஷம் மழைக்கு முந்தி என் முட்டி என்னைக் கைவிட்டுருச்சு. சூரியநெல்லிக்கு மேல எங்க தேயிலை மலை செங்குத்து. கொழுந்து கிள்ளிக்கிட்டே ஏறுறப்ப வலது முட்டி சட்டுனு மடிஞ்சு, செடிக்குள்ளயே உக்காந்துட்டேன். இனிமே மேடு ஏறக் கூடாதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. நல்ல கதை! இந்த ஊர்ல சமதளம்னு இருக்கிறது பஸ் ஸ்டாப்பும் சுடுகாடும்தான்.

வேலைய விட்டா எஸ்டேட் குடுத்த லயத்து வீட்டையும் விடணும். வீடு நிக்கணும்னா வீட்டுல ஒருத்தர் வேலைக்கு நிக்கணும். வீட்டுக்காரர் காலமாயிட்டார். மிச்சம் எம் மக ஒருத்திதான். பிளஸ் டூ முடிச்சு, நர்சிங் படிக்கணும்னு இருந்தா. "பேசாம மக பேரைக் குடுத்துரு"ன்னு சூப்பர்வைசர் லேசாச் சொல்லிட்டார். எனக்கு வந்துச்சே ஒரு கோவம்! "அவளும் கூடை தூக்கணும்னா நான் என்னத்துக்குய்யா இத்தனை வருஷம் தூக்குனேன்?"னு கத்திட்டேன். மனுசன் கோவிச்சுக்கல. எஸ்டேட் பிள்ளைங்களைப் பாத்துக்கிற ஆயா வேலை காலியாகப் போகுது, பத்தாங்கிளாஸ் பாஸ் பண்ணிட்டு வந்தா உனக்குத்தான்னார். அதுவரைக்கும் ரோட்டோரச் செடியில எடுக்கவும் விட்டார்.

நான் ஏழோட நின்னவ. பெரியவங்க எழுதுற பத்தாங்கிளாசுக்கு மலையாளத்துல துல்யதான்னு பேரு. ஞாயித்துக்கிழமை கிளாஸ், தமிழ்லயே எழுதலாம். ஆனா வீட்டுல புத்தகத்தைத் திறந்தா ரெண்டாவது வரியில கண்ணு சொக்கிரும். பாத்துப் பாத்து மக ஒரு வேலை செஞ்சா. பாடம் பூராத்தையும் வாசிச்சு போன்ல பதிஞ்சு குடுத்துட்டா. ஒரு காதுல அதை மாட்டிக்கிட்டு நான் கொழுந்து எடுப்பேன். பாடத்துக்கு நடுவுல திட்டும் வரும். "யம்மா, கேக்குதா? பக்கத்துச் செடிக்காரிகிட்ட அப்புறமாப் பேசிக்க." நான் பேசிக்கிட்டிருப்பேன்னு அவளுக்கு எப்படித்தான் தெரியுமோ, கழுதைக்கு. சிரிப்பை அடக்க முடியாது எனக்கு.

பரீட்சையில சமூகப் பாடத்தன்னைக்குத்தான் மாட்டுனேன். பெஞ்சுல உக்காந்து கேள்வித்தாளைப் பாக்குறேன், தலைக்குள்ள ஒண்ணுமே இல்ல. துடைச்சுவிட்ட மாதிரி இருக்கு. சுத்தி எல்லாரும் எழுதுறாங்க. எம் பிள்ளை தலையில நானே கூடைய மாட்டிவிடப் போறேன்னு நெனைச்சதும் அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு.

மேற்பார்வைக்கு வந்த டீச்சர் பக்கத்துல வந்து, "எந்தா சேச்சி?"ன்னாங்க. என்ன தோணுச்சோ, "டீச்சர், நான் நின்னு எழுதலாமா? உக்காந்தா எனக்கு ஒண்ணும் வரமாட்டேங்குது"ன்னேன். அவங்க பின்னாடி ஜன்னல் கட்டையைக் காட்டுனாங்க. என் நெஞ்சு உயரம். பேப்பரை அதுல வெச்சேன், காலை அகட்டி நின்னேன். வெளிய சரிவு பூரா தேயிலை. இடது கை விரல் தன்னால காத்துல கிள்ள ஆரம்பிச்சுருச்சு.

வந்துட்டா எம் மக. போன் இல்லாமலே காதுக்குள்ள கணீர்னு வாசிக்கிறா. மண் அரிப்பு, காடு, மழை, வேர். முட்டி விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, நான் நிறுத்தல. அவ சொல்லச் சொல்ல எழுதுறேன். ஒரு பக்கம் முடிச்சுட்டுத் திரும்பப் படிச்சா, "மரத்தின் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்வதால் யம்மா கேக்குதா"ன்னு எழுதி வெச்சிருக்கேன்! அடக் கடவுளேன்னு கடைசி ரெண்டு வார்த்தைய அடிச்சேன். அடிக்க மனசே இல்ல, ஆனா அதுக்கு யாரு மார்க் போடுவா?

ரிசல்ட் ஒரு சாயங்காலம் வந்துச்சு. மகதான் போன்ல பாத்தா. "பாஸ்"னு சொல்லிட்டு என் கழுத்தைக் கட்டிக்கிட்டு அழுதா. நானும் அழுதேன். அப்புறம் சடக்குனு எந்திரிச்சு செருப்பை மாட்டுறா.

"எங்கடி போற?"

"எஸ்டேட் ஆபீசுக்கு." தலைய நிமித்தல. "அடுத்த மாசத்துலருந்து கொழுந்துக்கு வர்றேன்னு பேரு குடுத்துருந்தேன்."

எனக்கு மேலெல்லாம் பத்திக்கிச்சு. "பாடம் சொல்லிக் குடுத்தவளே என்னைய நம்பலையாடி?"

"நம்பாமலா தொண்டை கட்டக் கட்ட வாசிச்சேன்? ஒருவேளை தோத்துட்டா நீ எம் மூஞ்சியத்தான் பாப்ப. அந்த நேரத்துல நான் நின்னு யோசிக்கக் கூடாதுன்னு மொதல்லயே குடுத்துட்டேம்மா."

முதுகுல ஒண்ணு வெச்சேன், வலிக்காமத்தான். "ஆபீஸ் பூட்டுறதுக்குள்ள ஓடுடி. உம் பேரை அடிக்கிறதைக் கண்ணால பாத்துட்டு வா."