அமலா அக்காவிடம் எடுத்த ரத்தம்

திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைப் பருப்பில் சொத்தை பொறுக்குவது அமலா அக்காவின் வேலை. வயது முப்பத்து நான்கு. வலது கண்ணில் புரை எடுத்து ஐந்து வருடமாகிறது. இப்போது இடது கண்ணும் மங்கி, சொத்தையும் நல்லதும் ஒன்றுபோலத் தெரிய ஆரம்பித்தது.

அதைவிடப் பெரிய தொல்லை ரத்தம். போன வருடம் காய்ச்சலுக்குப் போன இடத்தில் பரிசோதித்து, ஃபெரிட்டின் ஆயிரத்து நானூறு என்றார்கள். இரும்பைச் சேமித்து வைக்கும் புரதம் அது. உடம்பில் இரும்பு மிஞ்சிவிட்டது என்று முடிவு செய்து, மாதம் ஒரு பை ரத்தம் எடுத்தார்கள். ஆறாவது பைக்குப் பிறகு அக்காவால் ஒரு மூட்டைப் பருப்பை முடிக்க முடியவில்லை. நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது.

இடது கண்ணைக் காட்டத் தங்கை ரோஜாவுடன் விழுப்புரம் போனார். கண் டாக்டர் கலையரசி ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்து நிமிர்ந்தார்.

"ரத்தம் ஏழு கிராம்தான் இருக்கு. இரும்பும் கம்மி. ஃபெரிட்டின் மட்டும் ஏறியிருக்கு. உங்க வீட்ல வேற யாருக்காவது சின்ன வயசுல புரை வந்துச்சாம்மா?"

"இல்லீங்க மேடம்."

அது பொய். அம்மா லூர்துமேரிக்கு முப்பத்தொரு வயதிலும், அண்ணன் அன்புச்செல்வனுக்கு இருபத்தாறிலும் புரை எடுத்தார்கள். அம்மாவுக்கு வைக்கோல் குத்தியது, அண்ணனுக்கு வெல்டிங் பொறி பட்டது என்று ஊரில் சொல்லி வைத்திருந்தார்கள். கோலியனூரிலிருந்து ரோஜாவைப் பெண் பார்த்துப் போயிருந்தார்கள். குடும்பத்துக்கே கண் நோய் என்று தெரிந்தால் சம்பந்தம் நிற்காது.

"ஏன் ஏறுதுன்னு தெரியலன்னா, இன்னொரு டாக்டர் திரும்பவும் ரத்தம் எடுக்கச் சொல்லுவாரும்மா."

ரோஜா அக்காவை முழங்கையால் இடித்தாள்.

"சொல்லேன்க்கா. என்னைக் கட்டிக் குடுக்கறதுக்குள்ள உன்னை உறிஞ்சி முடிச்சிடுவாங்க போல."

"சும்மா கெடடீ. கோலியனூர்ல தெரிஞ்சா பேஜாராயிடும்."

"அவங்களுக்கு நானே சொல்லிக்கிறேன். மேடம், எங்க அம்மாவுக்கும் அண்ணனுக்கும் புரை எடுத்தாங்க. வைக்கோலும் குத்தல, ஒண்ணும் குத்தல."

டாக்டர் சிரித்துவிட்டு, ரிப்போர்ட்டின் பின்பக்கம் ஒரு கொண்டை ஊசி வரைந்தார். புரதம் செய்யச் சொல்லி செல்லுக்குள்ளேயே போகும் செய்திதான் தூது ஆர்.என்.ஏ. ஃபெரிட்டினுக்கான செய்தியின் தொடக்கத்தில் ஒரு பகுதி இப்படித் தன்மேலேயே மடிந்திருக்கும். இரும்பு குறைந்தால் வேறொரு புரதம் அந்த மடிப்பைப் பிடித்துக்கொள்ளும். செய்தி வாசிக்கப்படாது, ஃபெரிட்டினும் பெருகாது. இரும்பு கூடினால் பிடி விடும். இந்தக் குடும்பத்தில் அந்த மடிப்பில் ஓர் எழுத்து மாறியிருக்கலாம். அப்படியானால் பிடி சரியாக நிற்காது. இரும்பே இல்லாவிட்டாலும் ஃபெரிட்டின் உருவாகிக்கொண்டே இருக்கும். அதுதான் கண்வில்லையில் சேர்ந்து புரையாகிறது.

"புரையை எடுத்தா பார்வை வந்துடும். மத்தபடி பயமில்ல. ரத்தம் மட்டும் இனிமே எடுக்காதீங்க. ரோஜா, உனக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு."

திரும்பும் பஸ்ஸிலேயே ரோஜா மாப்பிள்ளை தேவாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னவர் இன்னும் கூப்பிடவில்லை. அக்காவுக்கு எடுத்த மரபணுப் பரிசோதனையில் டாக்டர் நினைத்தது சரி என்று வந்தது.

அக்காவின் ரத்தம் இப்போது பத்தரை. அம்மா மட்டும் ரோஜாவிடம் பேசுவதில்லை.