வெட்டிய துண்டு

காரைக்குடியில் எங்கள் பழைய வீட்டில் புரொஜெக்டர் கடகடத்தது. நானும் தம்பியும் திரைமுன் உட்கார்ந்திருந்தோம்.

வீட்டில் நடப்பதையெல்லாம் நாட்குறிப்புபோல் தினமும் படமெடுப்பார் என் சித்தப்பா. எட்டு வயதில் நான் தம்பியை ஊருணிப் படியில் தள்ளிவிட்டேன், கை முறிந்தது. வழுக்கி விழுந்தான் என்றே எல்லாரும் நம்பினார்கள். ஆனால் எதிர்ப்படியில் சித்தப்பாவின் கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த மாதம் சென்னையிலிருந்து வந்த ஓவியர்களான நண்பர்களுக்கு அந்தப் படத்தைப் போட்டார். அம்மா மடியில் தம்பி. நான் கதவோரம் நின்று பார்த்தேன். திரையில் தம்பி படியிறங்கினான். சட்டென்று காட்சி மாறி, புறாக்கள் பறந்தன.

"அதை வெட்டிட்டேன் ஆத்தா," என்றார் சித்தப்பா பிறகு என்னிடம். "ஆனா எறியலை."

இன்று ஓடுவது, அவர் இறந்தபின் பெட்டியில் கிடைத்த, அவர் வெட்டிவைத்த படத்துண்டுகள்.

"தம்பி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றேன்.

"படம் முடியட்டும்க்கா," என்றான்.